பங்கஜத்தின் பேரில் எட்டு வருஷம்

அத்தியாயம் 11

சனிக்கிழமை சாயங்காலம் வாலாஜாபாத் வீட்டு வாசலில் கையில் பையோடு வந்து நின்றாளே நாத்தனார் பங்கஜம், அவளை வரவழைத்தது யார் என்று மஹாலட்சுமிக்குத் தெரிந்துபோனது. வேறு யார், மஹாலட்சுமியின் புருஷன் மோகன்ராஜ்தான். தெரிந்ததும் அடுப்பில் இருந்த பாலை அப்படியே பொங்கவிட்டுவிட்டு நின்றாள். அங்கேதான் போன வாரம் விட்டோம்.

அதற்கப்புறம் ராத்திரி முழுக்க அடுக்களையை உருட்டிக்கொண்டிருந்தாள். சட்டி பானை மட்டும் பேசியது. கரண்டியை வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் இரண்டு முறை குரைத்தது.

பழைய வாசகர்கள் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள், புதுசாக வந்தவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து அனுப்புகிற கம்பெனி ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அது ஒயர் கம்பெனி. தொண்ணூற்றேழில் அங்கே பெண்களை வேலைக்கு எடுத்தபோது பத்தாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். மஹாலட்சுமி பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவள். நாத்தனார் பங்கஜம் பாஸ். ஆனால் பங்கஜத்துக்கு அரக்கோணத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"சர்டிபிகேட்டு பொட்டில சும்மாத்தானே கீது, அத எடுத்துக்கினு நீ போ" என்று மாமியார் கிளியம்மாளும் மோகன்ராஜும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அன்றைக்கு இந்தப் பக்கத்தில் அது பெரிய அதிசயமில்லை. அக்கா சர்டிபிகேட்டில் தங்கை போவாள், சித்தி பெண் சர்டிபிகேட்டில் பெரியம்மா பெண் போவாள். மார்க் ஷீட்டில் போட்டோவா ஒட்டியிருக்கிறது?

அன்றிலிருந்து மஹாலட்சுமி கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பங்கஜம். இறங்கினால் மஹாலட்சுமி. லைனில் "பங்கஜம்" என்று கூப்பிட்டால் திரும்புவாள். கடைத்தெருவில் யாராவது "மஹாலட்சுமி" என்றால் ஒரு நொடி கழித்துத்தான் திரும்புவாள். அவ்வளவு பழகிவிட்டது.

நல்ல வேலைக்காரி என்று ஒரு வருஷம் கம்பெனியில் எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். குடத்தில் பங்கஜம் என்று பேர் வெட்டியிருந்தது. மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவ பேரு போட்ட கொடம் அவ வூட்லதானே இருக்கணும்" என்று அடுத்த பொங்கல் சீரோடு அரக்கோணத்துக்கு அனுப்பிவிட்டாள். மாமியார் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்தக் குடத்தை நினைத்தால் மஹாலட்சுமிக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

இப்போது ஒரகடம் பக்கத்தில் ஒரு கல்லூரிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்குகிறார்கள். தொழிற்சாலையில் அஞ்சு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள் போய்த் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். திருப்தியாக இருந்தால் அந்த அனுபவமே முதல் வருஷப் படிப்பு என்று எடுத்துக்கொண்டு, நேரே இரண்டாம் வருஷ டிப்ளமோவில் உட்காரவைப்பார்கள். பத்தாவது தேறாதவர்களும் வரலாம். படித்து முடித்தவர்களைச் சூப்பர்வைசர் ஆக்குவதாக ஒயர் கம்பெனியும் சொல்லிவிட்டது.

பத்தாவது தேறாதவர்களும் வரலாமாம். எந்தப் பத்தாவதுக்காக அவள் தன் பேரைத் தொலைத்தாளோ, அந்தப் பத்தாவது இப்போது தேவையே இல்லை. தேவை எட்டு வருஷ வேலை. அது அவளிடம் இருக்கிறது. ஆனால் பங்கஜம் பேரில் இருக்கிறது. சொல்லுங்கள், யாருக்குத்தான் எரிச்சல் வராது?

வேறு வழியில்லாமல் பங்கஜம் என்றே மனு போட்டாள். நேர்காணலுக்கு வரும்போது வாக்காளர் அட்டையும் கொண்டுவர வேண்டும் என்று பதில் வந்தது. அவள் அட்டையில் மஹாலட்சுமி என்றுதான் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் மோகன்ராஜ் அரக்கோணத்துக்குப் போன் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மோகன்ராஜ் பல் தேய்த்துக்கொண்டே அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தான்.

"இன்னாமே, இன்னும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற? பதினோரு மணிக்கு இண்டர்வியூ. அவள உக்கார வெச்சி நாலு விஷயம் சொல்லிக் குடு."

"இன்னா சொல்லிக் குடுக்கணும்?"

"நீ இன்னா வேல செய்யற, எப்படிச் செய்யற, அதான். அவ கார்டக் காட்டுவா. பேரு சரியா இருக்கும், மூஞ்சி சரியா இருக்கும். பதில மட்டும் நீ ஏத்தி அனுப்பிட்டா போதும். சீட்டு கெடச்சதும் நீ குந்திப் படி. யாரு வேணான்னா?"

"பரீட்சைக்கு யாரு போறது?"

"அத அப்பறம் பாத்துக்கலாம்."

மோகன்ராஜுக்கு எல்லாமே அப்பறம் பாத்துக்கலாம்தான். ஒரகடம் பக்கம் பெரிய பெரிய கம்பெனிகள் வரப்போகின்றன என்று பேச்சுக் கிளம்பியதிலிருந்து அவன் மனைத் தரகன். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் செல்போன். ஒரே மனையை இரண்டு பேருக்குக் காட்டி இரண்டு பேரிடமும் அட்வான்ஸ் வாங்கிவிடுவான். போன மாசம்கூட ஒரு பெரியவர் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனார். அவரிடமும் அப்பறம் பாத்துக்கலாம் என்றுதான் சொன்னான். வீடு ஓடுவது மஹாலட்சுமியின் சம்பளத்தில்.

எட்டு வருஷத்தை ஒரு காலைப்பொழுதில் இன்னொருத்திக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதுவும் இட்லி தின்றுகொண்டே கேட்பவளுக்கு. மஹாலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"காலைல உள்ள போனதும் ஒயர் கட்டற போர்டு முன்னால நிக்கணும். உக்காரக் கூடாது. லைன்ல உக்கார எடமே கெடையாது. ஒரே ஒயர் மாறிப் போனா மொத்தக் கட்டும் போச்சு, எவ மாத்துனாளோ அவ பேரு நோட்டீஸ் போர்டுல ஏறும். புதுசா வர்ற பொண்ணுங்க மொத வாரம் அழுவும். அதுங்க அழும்போது லைன நிறுத்தாம நாம பாத்துக்கணும். அதான் லீடர் வேல."

"சரி அண்ணி."

"சரின்னா போதாது. திருப்பிச் சொல்லு."

பங்கஜம் சொன்னாள். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னாள். சரியாகவும் சொன்னாள். அதுதான் மஹாலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. கால் வீங்கி வீங்கி, விரலில் கருவி கிழித்துத் தையல் போட்டு, மாதவிலக்கு நாளில் கூட நின்றுகொண்டே கழித்த வருஷங்கள். அதை ஒருத்தி சட்னியைத் தொட்டுக்கொண்டு சொல்லிவிட்டாள்.

பங்கஜம் கை கழுவிவிட்டு வந்து கேட்டாள்.

"அண்ணி, படிப்பு முடிஞ்சதும் உங்க கம்பெனியிலயே வேல குடுப்பாங்களா, இல்ல நான் வேற எடத்துல கேக்கணுமா?"

மஹாலட்சுமி நிமிர்ந்தாள்.

"யாருக்கு வேல?"

"எனக்குத்தான். படிப்பு உனக்கு, அத வெச்சி எங்கயாச்சும் சேந்துக்கன்னு அண்ணன் சொல்லுச்சே."

"உனக்குன்னு சொன்னாரா?"

"ஆமா அண்ணி. இல்லன்னா நான் எதுக்கு அரக்கோணத்துலருந்து பஸ் ஏறி வரணும்?"

வந்ததே கோபம். மஹாலட்சுமி எழுந்து நின்றாள். பேசும்போது குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஏண்டி, நான் நின்னு நின்னு கால் வீங்கிச் செஞ்ச வேல உனக்குப் படிப்பா? நீ அரக்கோணத்துல குந்திக்கினு இருப்ப, நான் இங்க ஒழச்சி உனக்கு டிப்ளமோ வாங்கிக் குடுக்கணுமா? கொடம் எடுத்துக்கினு போனது பத்தலயா?"

"கொடத்த நான் கேக்கல. அம்மா அனுப்புச்சு."

"நீ திருப்பி அனுப்பல இல்ல?"

பங்கஜமும் எழுந்துவிட்டாள். அண்ணிக்கு எதிரில் இதுவரை குரல் உயர்த்தாதவள்.

"நீங்க எதத் திருப்பிக் குடுத்தீங்க அண்ணி? என் ஒரிஜினல் சர்டிபிகேட்டு எட்டு வருஷமா உங்க கம்பெனி பீரோல கீது. எங்க வூட்டுக்காரு பெங்களூரு போறேன்னு போயி ரெண்டு வருஷமா திரும்பல. ஷூ கம்பெனில ஆள் எடுத்தாங்க. போய் நின்னேன். ஒரிஜினல் எங்கன்னாங்க. இல்லன்னேன். சத்துணவு ஆயா வேலைக்குப் போய் நின்னேன். அங்கயும் ஒரிஜினல். நான் பத்தாவது பாஸ்னு யாருகிட்ட சொல்லுவேன்? எங்க அண்ணி என் பேர எடுத்துக்கினு போயிருக்காங்கன்னு சொல்லட்டா?"

 இத்தனை வருஷத்தில் இதை மஹாலட்சுமி யோசித்ததே இல்லை. தன் பேர் போனதை நினைத்து அழுதிருக்கிறாள். பங்கஜத்தின் பேர் எங்கே போனது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. யார் மேல் என்றுதான் ஒரு கணம் புரியவில்லை.

சத்தம் கேட்டு முகத்தில் சோப்பு நுரையோடு மோகன்ராஜ் உள்ளே வந்தான். "இன்னா ரெண்டு பேரும் காலங்காத்தால கத்திக்கினு?"

இப்போது புரிந்துவிட்டது.

"படிப்பு யாருக்குன்னு சொன்ன?" என்றாள் மஹாலட்சுமி. கல்யாணமான நாளிலிருந்து ஏங்க, வாங்க என்றுதான் அவனிடம் பேசுவாள். இன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"யாருக்குன்னா?"

"எங்கிட்ட எனக்குன்ன. அவகிட்ட அவளுக்குன்ன. நாங்க இன்னா உன் மனையா? ரெண்டு பேருக்குக் காட்டி அட்வான்ஸ் வாங்கறதுக்கு?"

மோகன்ராஜ் சிரிக்கப் பார்த்தான். "எல்லாம் ஒரே குடும்பம்தானே. எவ படிச்சா இன்னா?"

இந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டான். எவ படிச்சா இன்னா. எவள் ஓவர்டைம் பார்த்தால் இன்னா, எவள் பேரில் சம்பளம் வந்தால் இன்னா, பணம் வீட்டுக்குத்தானே வருகிறது. அவன் இத்தனை வருஷமாக நினைத்தது இதைத்தான். மஹாலட்சுமி உள்ளே போய் நல்ல சேலையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"நானும் வரேன்" என்றாள்.

"நீ வந்தா காரியம் கெட்டுப்பூடும்."

"கெடட்டும்."

மூன்று பேரும் பஸ்ஸில் ஒரே வரிசையில் உட்கார்ந்து போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் முழுக்க. மொட்டை போடப் போகிற குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளையடித்த மனைக்கல், அதன் மேல் கலர் கொடி. மோகன்ராஜ் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு மனையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரகடம் கூட்டு ரோட்டில் கோயில் கூட்டத்தோடு இவர்களும் இறங்கினார்கள்.

கல்லூரி வராந்தாவில் முப்பது நாற்பது பேர் காத்திருந்தார்கள். எல்லாம் பக்கத்துக் கம்பெனி ஆட்கள். சிலர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு யூனிபாரத்தோடு அப்படியே வந்திருந்தார்கள். மஹாலட்சுமியின் லைனில் வேலை பார்க்கிற அன்னக்கிளி ஓடிவந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

"பங்கஜக்கா, வந்துட்டியளா? ஒங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். நம்ம ரகுபதி சாரும் உள்ள உக்காந்திருக்காவ. கம்பெனி சார்பா அவியளும் கேள்வி கேப்பாவளாம்." பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். "இது யாருக்கா?"

"பங்கஜம்" என்றாள் மஹாலட்சுமி.

அன்னக்கிளி சிரித்தாள். அப்புறம் இருவர் முகத்தையும் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "என்னக்கா சொல்லுதிய?"

"அப்பறம் சொல்றேன், போ."

ரகுபதி என்ற பேரைக் கேட்டதும் மோகன்ராஜுக்கு வேர்த்துவிட்டது. ஒயர் கம்பெனியில் ஆட்களை நிர்வகிக்கிற அதிகாரி. மஹாலட்சுமியைத் தினமும் பார்க்கிறவர். அவர் எதிரில் இன்னொருத்தி போய் நான்தான் பங்கஜம் என்றால் என்ன ஆகும்? இந்தக் கணக்கை மோகன்ராஜ் போட்டு வைத்திருக்கவில்லை. அனுபவத்தைக் கேட்கிற இடத்துக்கு அதைத் தெரிந்த ஆளைத்தான் உட்காரவைப்பார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் என்றைக்கு வேலைக்குப் போனான்?

இருவரையும் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

"ஆட்டம் மாறிப்பூச்சி. மஹா, நீயே உள்ள போ. கார்டு மறந்து வெச்சிட்டு வந்துட்டேன்னு சொல்லு. அந்தாளுக்குத்தான் உன்னத் தெரியுமே, வுட்டுடுவான்."

"அப்ப நான்?" என்றாள் பங்கஜம்.

"நீ பஸ் புடிச்சி வூட்டுக்குப் போ. போயி சோறு ஆக்கி வையி."

அதைச் சொல்லும்போது தங்கச்சியின் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. கண் ஆபீஸ் ரூம் கதவு மேலேயே இருந்தது. பங்கஜம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் சர்டிபிகேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்கும் அவன் இப்படித்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தானாம். பின்னால் ஒரு நாள் அவளே சொன்னது இது.

"பங்கஜம் யாருங்க? பங்கஜம், ஒயர் கம்பெனி" என்று கதவருகில் பியூன் கூப்பிட்டார்.

மஹாலட்சுமி நடந்தாள். பழகிய கால்கள், அந்தப் பேருக்கு அதுவாகவே நடக்கும். கதவைத் தாண்டும்போதுதான் பார்த்தாள், பக்கத்தில் பங்கஜமும் நடந்து வந்துகொண்டிருந்தாள். பின்னால் மோகன்ராஜ் "ஏய், ஏய்" என்று அடிக்குரலில் கூப்பிட்டது இருவருக்கும் கேட்டது. இருவரும் திரும்பவில்லை.

உள்ளே மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். கல்லூரியைச் சேர்ந்த சொர்ணம்மாள் மேடம், கண்ணாடி போட்டவர், ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் ரகுபதி.

"வாம்மா பங்கஜம்" என்று ரகுபதி மலர்ந்தார். "மேடம், எங்க மூணாவது லைன் லீடர். இவங்கள ரொம்பக் கேள்வி கேட்கத் தேவையில்லை. நானே கேரண்டி."

"கூட வந்திருக்கிறது யாரு?" என்றார் மேடம். "ஒவ்வொருத்தராகத்தானே வரணும். சரி, கார்டு குடுங்க."

பங்கஜம் தன் அட்டையை மேஜையில் வைத்தாள். மேடம் அட்டையைப் பார்த்தார். மஹாலட்சுமியைப் பார்த்தார். திரும்ப அட்டையைப் பார்த்தார்.

"பேர் சரியா இருக்கு. போட்டோ கூட வந்திருக்கிற இவங்களோடதுல்ல இருக்கு?"

இந்த இடத்தில் மஹாலட்சுமி எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். கார்டு அடிக்கும்போது போட்டோ மாறிவிட்டது, அடுத்த வாரம் திருத்திக் கொண்டுவருகிறேன் என்றால் ரகுபதியே பேசி முடித்துவைத்திருப்பார். வேலையும் இருக்கும், படிப்பும் கிடைக்கும். பங்கஜம் என்ற பேரில் சூப்பர்வைசராகவும் ஆகலாம். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. காலையில் பங்கஜம் ஒப்பித்த பாடம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. தானும் இனி ஆயுசு முழுக்க அப்படி ஒப்பிக்க வேண்டும். அதை நினைத்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"என் பேரு மஹாலட்சுமி, மேடம்."

ரகுபதி சிரித்தார். "என்னம்மா, காலையிலேயே தூக்கக் கலக்கமா?"

"இல்ல சார். எட்டு வருஷமா உங்ககிட்ட வேல பாக்கறது நான். பத்தாவது பாஸ் பண்ணது இவ. இவதான் பங்கஜம், என் நாத்தனாரு. இவ சர்டிபிகேட்ட வெச்சித்தான் நான் சேந்தேன். நான் பத்தாவது பெயில்."

 ரகுபதியின் முகம் சிவந்தது.

"இத்தனை வருஷம் கம்பெனியை ஏமாத்தியிருக்க. உன்னைப் பத்தி மேல சொல்லிச் சொல்லி லீடர் ஆக்கினவன் நான். எனக்கு இதுதான் மரியாதையா? நாளைக்கு கேட் பக்கம் வந்துடாத. எந்தப் பேரைச் சொன்னாலும் உள்ள விட மாட்டாங்க."

"பேரு பொய்தான் சார். நான் கட்டி அனுப்புன ஒயர்ல எது பொய்னு நீங்க சொல்லுங்க." மஹாலட்சுமி மேஜை பக்கம் ஒரு அடி முன்னால் வந்தாள்.  "ஆள் பத்தலன்னு ராத்திரி நிறுத்தி வெப்பீங்களே, அப்ப கார்டு கேட்டீங்களா? பத்தாவது படிச்சாத்தான் ஒயர் கட்ட முடியும்னு நீங்கதான் போர்டு போட்டீங்க. பெயிலானவதான் இத்தனை நாளும் கட்டினா."

"சார், ஒரு நிமிஷம்" என்று மேடம் கையைக் காட்டினார். "இந்த அம்மா சேர்றதுக்குப் பத்தாவது வேண்டாம். வேலை செய்தது யாரோ அவங்களுக்குத்தான் நாங்க முதல் வருஷத்தைக் கழிச்சுக் குடுக்க முடியும். ஆனா செய்தது இவங்கதான்னு கம்பெனி சொல்லணும்."

"கம்பெனி சொல்லாது" என்றார் ரகுபதி. "எங்க கணக்குல மஹாலட்சுமின்னு யாரும் வேலை பார்க்கல."

அவ்வளவுதான். யாரும் வேலை பார்க்கவில்லை. அந்த எட்டு வருஷம் ஒரே வாக்கியத்தில் போய்விட்டது. மஹாலட்சுமிக்கு மேஜையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆத்திரத்தில் முட்டிய தண்ணீர். அதை இந்த ஆள் எதிரில் விடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மேடம் பங்கஜத்தின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இவங்க சொல்றது நிஜமா? யோசிச்சுச் சொல்லுங்க. உங்க சர்டிபிகேட்டைக் குடுத்தீங்கன்னா உங்களுக்கும் சிக்கல்தான்."

பங்கஜம் இல்லை என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. கார்டு அவளுடையது, பேர் அவளுடையது, சர்டிபிகேட் அவளுடையது. அண்ணிக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம், கம்பெனி மானத்தைக் காக்க ரகுபதியும் தலையாட்டிவிடுவார். அண்ணி காலையில் பேசிய பேச்சுக்கு அப்படிச் செய்தாலும் தகும். மஹாலட்சுமி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"நெஜம்தான் மேடம்" என்றாள் பங்கஜம். "வேல பாத்தது எங்க அண்ணிதான். ஒரு நாள்கூட நான் பாக்கல."

ரகுபதி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"ஆனா நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள் பங்கஜம். "என் பேரு வேலைல இருந்துச்சு. அதனால நான் வேலைக்குப் போவ முடியல. பாஸ் பண்ணவ பெயிலானவ மாதிரி வூட்ல குந்திக்கினு இருந்தேன். அண்ணி வேல பாத்ததுக்கு ஒரு வருஷத்தக் கழிச்சிக் குடுக்கறீங்க. நான் வேல பாக்க முடியாம கெடந்ததுக்கு இன்னா மேடம் குடுப்பீங்க?"

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.  இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இந்த ஏற்பாட்டைப் பண்ணது யாரு?" என்றார் கடைசியில்.

"வெளிய நிக்கறாரு" என்றார்கள் இருவரும்.

"கூட்டிட்டு வாங்க. அவரையும் கேட்டுட்டுத்தான் முடிவு சொல்லுவேன். சார், நீங்களும் இருங்க. கம்பெனி என்ன சொல்லும்னு அப்புறம் பேசுவோம்."

ரகுபதி செல்போனை எடுத்துக்கொண்டு எழுந்தவர், திரும்ப உட்கார்ந்தார்.

வெளியே புங்க மரத்து நிழலில் மோகன்ராஜ் ஒரு நைட் ஷிப்ட் பையனிடம் பேசிக்கொண்டிருந்தான். மனை விலையாகத்தான் இருக்கும். இருவரும் வருவதைப் பார்த்ததும் பையனை விட்டுவிட்டு வந்தான்.

"இன்னா ஆச்சு? எவ பாஸு?"

"உன்ன உள்ள வரச் சொல்றாங்க" என்றாள் மஹாலட்சுமி.

"என்னையா? என்ன எதுக்கு?"

"அனுபவம் கேக்கறாங்கண்ணா" என்றாள் பங்கஜம்.

அவனுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் முகம் வெளிறியது. "நான் இன்னா சொல்றது? அத அப்பறம் பாத்துக்கலாம். அங்க பாரு, பஸ் வந்துக்கினு கீது" என்று கேட் பக்கம் திரும்பினான்.

பங்கஜம் அவனுக்கு முன்னால் போய் கேட்டைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

"போ" என்றாள் மஹாலட்சுமி. "எங்க ரெண்டு பேருக்கும் சேத்து நீயே பதில் சொல்லிட்டு வா."